பால் சங்கத்துத் திரையும் பராமரிப்பில்லாத லைப்ரரியும்

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, ஆறு மணி கூட ஆகவில்லை, போன் அடித்தது. "சார், டிவி வரமாட்டேங்குதுங்க. ஆளுக கேனோட வரிசைல நிக்கறாங்க" என்றாள் பால் சங்கத்துப் பரிசோதகர் பெண்.

அவள் டிவி என்றது டிவி அல்ல. எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் 2000-ஆம் ஆண்டு நான் வைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் திரை. அப்போது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியாராக இருந்தேன். அதற்கு முன்பு சங்கத்தில் என்ன நடக்கும் என்றால், ஜன்னலுக்கு வெளியே பாலை ஊற்றுவார்கள், உள்ளே கொழுப்பு பார்ப்பார்கள், நோட்டில் ஒரு எண்ணை எழுதுவார்கள். வெளியே நிற்பவருக்கு அந்த எண் தெரியாது. வாரக் கடைசியில் பணம் வாங்கும்போதுதான் தெரியும். "எம்மாட்டுப் பாலுக்கு மட்டும் எப்பவும் மூணே முக்காலா?" என்று சண்டை வரும். உள்ளே இருப்பவர் நேர்மையானவர்தான். ஆனால் பார்க்க முடியாத எண்ணை யார் நம்புவார்கள்?

அதனால் பரிசோதனைக் கருவியிலிருந்து ஒரு சீரியல் கேபிளை இழுத்து, கழித்துப் போட்ட ஒரு பென்டியத்தில் சொருகி, பதினான்கு அங்குல மானிட்டரை ஜன்னலுக்கு வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தில் உறுப்பினர் எண், பெயர், லிட்டர், கொழுப்பு, தொகை. வரிசையில் ஐந்தாவதாக நிற்பவருக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக. அவ்வளவுதான். நடுவில் ஒரு முறை பெட்டியை மட்டும் அதே வயதுள்ள இன்னொரு பெட்டியாக மாற்றினேன். நிரலில் ஒரு வரி தொடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஓடிற்று.

இனி கொஞ்சம் தொழில் விஷயம். வழக்கமாக இங்கே ரயில் பயணமும் ரசப்பொடியும் படிக்க வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லைப்ரரி என்று நான் சொல்வது கிளை நூலகத்தை அல்ல. திரையில் ஒரு கோடு போடவேண்டுமானால் அதை ஒவ்வொருவரும் அடியிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். அந்தத் தொகுப்புக்குப் பெயர் லைப்ரரி.

நான் சேர்த்துக்கொண்டது எஸ்விஜிஏலிப். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. டாமி ஃபிராண்ட்சன் எழுதிய விஜிஏலிப்பை எடுத்து ஹார்ம் ஹனமாயர் வளர்த்தார்; பிற்பாடு மத்தான் ஸிவ்-ஆவ் பார்த்துக்கொண்டார். லினக்ஸில் ஜன்னல், ஐகான் எதுவும் இல்லாத வெறும் கறுப்புக் கன்சோலில் நேரடியாகப் படம் வரைய அன்றைக்கு அதுதான் ராஜபாட்டை. குவேக் விளையாட்டின் லினக்ஸ் பதிப்பு ஒன்றுகூட அதன்மேல்தான் ஓடிற்று. என்னுடைய பழைய பெட்டியில் எக்ஸ் விண்டோஸ் முழுவதையும் ஏற்றினால் மூச்சு வாங்கும். எஸ்விஜிஏலிப்பில் மூன்றே மூன்று அழைப்பில் திரை என் கைக்கு வந்துவிட்டது.

தமிழுக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். லினக்ஸ் கன்சோலுக்குத் தமிழ் வராது. அன்றைக்கும் வராது, இன்றைக்கும் அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. 512 போதாதா என்றால் எண்ணிக்கை அல்ல சிக்கல். 'கொ' என்ற எழுத்துக்கு ஒரு துண்டு ககரத்துக்கு முன்னாலும் இன்னொன்று பின்னாலும் வரவேண்டும். அதைச் சேர்த்துக் கோக்கும் அறிவு கன்சோலுக்குக் கிடையாது. ஆகவே கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்தாகக் கட்டம் போட்டு, எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று நானே எண்ணாக்கினேன். என் மனைவி பாதித் தாளுக்கு மேல் நிரப்பிக் கொடுத்தாள். 'ணை'யும் 'லை'யும் அவள் போட்டவைதான். பார்த்தாலே தெரியும், கொஞ்சம் வயிறு பெருத்திருக்கும்.

சரி, அந்த ஐப்பசிக் காலைக்கு வருகிறேன். போய்ப் பார்த்தேன். மதர்போர்டு போய்விட்டது. அதே மாதிரி இன்னொன்று கோவையில் பழைய சாமான் கடைகளில்கூடக் கிடைக்கவில்லை. மகன் உபயத்தில், உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய மூலநிரல் ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. நல்லவேளை, ஒரு சிடியும் போட்டு வைத்திருந்தேன். புதுப் பெட்டியில் எஸ்விஜிஏலிப்பைத் தொகுத்துப் பார்த்தேன். அதன் கடைசி வெளியீடு 1.9.25, வந்தது 2005-இல். அதற்கு வேண்டிய உதவி மாட்யூல் இன்றைய கெர்னலோடு சேரவே மறுத்தது.

இந்த இடத்தில்தான் என் வயதுக்காரர்கள் வழக்கமாக ஒரு பாட்டை ஆரம்பிப்பார்கள்: அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் நின்று நிலைத்தது, இப்போது எல்லாம் தூக்கி எறிகிற சரக்கு. நானும் இரண்டு நாள் பாடினேன். மூன்றாம் நாள் பழைய நிரலைப் படித்தபோது வெட்கமாகிவிட்டது.

எஸ்விஜிஏலிப் செத்தது நல்லது. வாத்தியாராகவே சொல்கிறேன். அது என்ன செய்தது? கெர்னலைச் சுற்றிக்கொண்டு போய், வீடியோ கார்டின் பதிவேடுகளில் நேரடியாகக் கைவைத்தது. அதற்காக ஒவ்வொரு நிரலும் ரூட் அதிகாரத்தோடு ஓடவேண்டும். வெறும் படம் பார்க்கிற நிரலுக்கு வீட்டின் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுப்பது மாதிரி. ட்ரைடென்ட், சிரஸ் லாஜிக், எஸ்3 என்று ஒவ்வொரு சிப்புக்கும் அதற்குள்ளேயே தனித்தனி நிரல் இருந்தது. புதுக் கார்டு வந்தால் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். நிரல் நடுவில் விழுந்தால் திரை கோலப்பொடி கொட்டினதுபோல் ஆகிவிடும், விசைப்பலகையும் பேசாது. எழுத்துத் திரையை மீட்டுக்கொண்டு வர 'டெக்ஸ்ட்மோட்' என்று ஒரு கருவியையே கூடக் கொடுத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்து ஓடவிட்ட இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன.

2009-இல், 2.6.29 கெர்னலில், திரையின் அளவையும் நிலையையும் அமைக்கும் பொறுப்பைக் கெர்னலே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஒரு லைப்ரரி கார்டில் கைவைத்தால், ஒரே சமையலறையில் இரண்டு பேர் ஒரே அடுப்பைத் திருகுகிற கதைதான். எழுதியவர்கள் விட்டுவிட்டுப் போனது சோம்பலால் அல்ல. வேலை முடிந்துவிட்டது.

ஆனால் எல்லாச் சாவும் இப்படி நியாயமானவை அல்ல. டைரக்ட்எஃப்பி என்று ஒன்று இருந்தது. ஜெர்மனியில், டிஜிட்டல் டிவி செட்டாப் பெட்டி வேலைகளுக்கு நடுவே பிறந்தது. கெர்னல் கொடுக்கும் ஃபிரேம்பஃபரின் மேல் உட்கார்ந்து, ஜன்னல், எழுத்துரு எல்லாம் தரும். இதற்குத் தமிழர்கள் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம், பலருக்குத் தெரியாது. டெபியன் லினக்ஸை நிறுவும்போது வரும் கேள்விகள் பல வருடம் எழுத்துத் திரையில்தான் வந்தன. அதில் தமிழைக் காட்ட வழியே இல்லை. 2007 ஏப்ரலில் எட்ச் பதிப்பு வந்தபோது வரைகலை நிறுவி முதன்முதலாகச் சேர்ந்தது. தமிழ், இந்தி, மலையாளம், வங்காளம், தாய் போன்ற மொழிகள் அதில் மட்டுமே தெரியும். அந்த நிறுவியை ஜிடிகே மூலம் டைரக்ட்எஃப்பியின் மேல்தான் ஓட்டினார்கள். தமிழில் கேள்வி கேட்டு நிறுவிக்கொண்ட அந்தத் திரையை ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பின்வரிசைப் பையன் ஒருவன் "சார், கம்ப்யூட்டர் தமிழ் பேசுது" என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்குத் தொண்டை அடைத்தது.

நாலே வருடம். 2011-இல் ஸ்குவீஸ் பதிப்பு வந்தபோது நிறுவியை எக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அதே வருடம் வந்த ஜிடிகே 3, டைரக்ட்எஃப்பிக்கான பகுதியையே கழற்றிவிட்டது. பிறகு டைரக்ட்எஃப்பியின் இணையதளமும் காணாமல் போயிற்று. டைரக்ட்எஃப்பி2 என்ற பெயரில் பிற்பாடு ஒருவர் அதைக் கையில் எடுத்தார். ஆனால் எஸ்டிஎல் தன் மூன்றாம் பதிப்பில் அதற்கான கதவை மூடிவிட்டது. நல்ல பொருள்தான். சோறு போட்ட வியாபாரம் வேறு பக்கம் போனதும் பொருள் தனித்து நின்றுவிட்டது.

நிறுவியைச் செய்தவர்கள் புத்திசாலிகள். அடியில் இருந்ததை மாற்றினார்கள், மேலே தமிழ் அப்படியே நின்றது. நான் அதைச் செய்யவில்லை. என் பழைய நிரலில் கொழுப்புக் கணக்கு, சீரியல் கேபிள், மஞ்சள் எழுத்து எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடக்க, எஸ்விஜிஏலிப் அழைப்புகள் சாம்பாரில் கறிவேப்பிலை மாதிரி எங்கு பார்த்தாலும். மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் ரெக்கார்டு நோட்டைத் திருப்பி வீசியிருப்பேன்.

'இது இன்னும் பராமரிக்கப்படுகிறதா?' என்ற கேள்விக்குக் கடைசி வெளியீட்டுத் தேதியைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. கெர்னலைப் பாருங்கள். அதில் 'மெயின்டெயினர்ஸ்' என்று ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் யார் பொறுப்பு, நிலை என்ன என்று எழுதியிருக்கும். நான் மேலே சொன்ன ஃபிரேம்பஃபர் பகுதிக்கு எதிரே ஒரு காலத்தில் 'அநாதை' என்றே எழுதியிருந்தது. 2020-இல் 5.9 கெர்னலுக்கான வேலையின்போது, கன்சோலில் ஷிஃப்டும் பேஜ்-அப்பும் அழுத்திப் பின்னால் ஓடிப் பார்க்கிற வசதியை லினஸ் டோர்வால்ட்ஸ் எடுத்தே விட்டார். அந்த நிரலில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பார்த்துச் சரிசெய்ய ஆள் இல்லை. எனக்கு அது கைப்பழக்கம். இன்றைக்கும் விரல் அங்கே போய்விட்டுத் திரும்பும்.

ஆனால் 2022 ஜனவரியில் ஹெல்கெ டெல்லர் என்பவர் வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெயர் கொடுத்தார். பிஏ-ரிஸ்க் என்ற பழைய எச்.பி. இயந்திரங்களுக்கான லினக்ஸையும் பார்த்துக்கொள்கிறவர் அவர். அந்தப் பெட்டிகளில் திரை நகர்வது மந்தமாகிவிட்டது அவரை உறுத்தியது. கோப்பில் 'அநாதை' போய் 'பராமரிப்பில்' என்று ஆனது. கழற்றப்பட்டிருந்த ஒரு வேக வசதியும் 5.17-இல் விருப்பத் தேர்வாகத் திரும்ப வந்தது. புதிய வரைகலை அமைப்பைச் செய்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பழசைத் தூக்கிச் சுமப்பது அவர்களும்தானே. ஒரே ஒரு ஆள் வந்தால் தீர்ப்பு மாறும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. இருபது வருடம் எஸ்விஜிஏலிப்பில் ஓசியில் சவாரி செய்தேனே, ஒரு பிழை அறிக்கை எழுதினேனா? நன்றி என்று ஒரு மின்னஞ்சலாவது? இல்லை. மாதச் சம்பளம், கோடை விடுமுறை எல்லாம் இருந்தும்.

தங்கை மகன் ஒருவன் பெங்களூரில் இருக்கிறான். "மாமா, இதுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஒரு பிரவுசரைத் திறந்து முழுத்திரையில விட்டுடுங்க. தமிழும் சரியா வரும், பராமரிக்க ஆயிரம் பேர் இருக்காங்க" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. உலகிலேயே அதிகக் கவனிப்போடு இருக்கிற வரைகலை லைப்ரரி எது என்று கேட்டால் பிரவுசர்தான். ஆனால் சங்கத்தில் காலை ஐந்தரைக்கு மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். ஒவ்வொரு முறையும் பெட்டி தானாக எழுந்து சில நொடியில் எண் காட்டவேண்டும். நடுவில் 'மீண்டும் திறக்கவா?' என்று பிரவுசர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதையெல்லாம் அடக்கி வைக்க வழி இருக்கிறது என்றான். இருக்கலாம். அதை அடக்கத் தெரிந்தவன் பெங்களூரில் இருக்கிறான், பால் எங்கள் ஊரில் இருக்கிறது.

கடைசியில் எஸ்டிஎல்லுக்குப் போனேன். 1998-இல் சாம் லன்டிங்கா தொடங்கியது. பழைய 1.2 பதிப்பு எஸ்விஜிஏலிப்பின் மேலும் ஓடும், ஃபிரேம்பஃபரின் மேலும் ஓடும். இரண்டாம் பதிப்பில் அவை போய், கெர்னலின் புதிய அமைப்பின் மேல் கன்சோலிலேயே நேரடியாக வரைகிற வழி வந்தது. கணினி விளையாட்டு வியாபாரம் முழுவதும் இதில் சாய்ந்து நிற்கிறது. ஆகவே நாளைக்கே அநாதையாகாது. இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. 1.2-ஐ நம்பி எழுதின பழைய விளையாட்டுகளைக் கைவிடாமல், பழைய பெயரிலேயே அழைப்புகளை வாங்கிப் புதிய பதிப்புக்கு மாற்றித் தருகிற ஒரு சட்டையையும் தைத்து வைத்திருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் டர்போ சி-யில் 'கிராஃபிக்ஸ்.எச்' போட்டு வட்டம் வரைந்தவர்களுக்கும் ஒரு செய்தி: அதே பழைய அழைப்புகளை எஸ்டிஎல் மேல் ஓடவிடும் எஸ்டிஎல்_பிஜிஐ என்று ஒன்று இருக்கிறது. பழைய லிப்கிராஃபோடு மல்லாடிக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

நிரலை இந்த முறை மூன்று கோப்பாகப் பிரித்தேன். கணக்கு ஒன்று, கேபிள் ஒன்று, திரை ஒன்று. நாளைக்கு எஸ்டிஎல்லும் போனால் மூன்றாவதை மட்டும் தூக்கிப் போட்டால் போதும். தமிழ் எழுத்துக்குக் கிராஃப் தாள் வேண்டியிருக்கவில்லை. எழுத்துகளைக் கோக்கிற வேலையை ஹார்ஃபபஸ் செய்துவிடுகிறது. என் மனைவியின் 'ணை'யும் 'லை'யும் போனதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம். அவளுக்கு இல்லை. "அப்பவே அது நல்லால்லீன்னு சொன்னேன்" என்றாள்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. எஸ்விஜிஏலிப்பைப் பற்றி நான் கேட்ட கேள்வியைச் சங்கம் என்னைப் பற்றிக் கேட்டால் என்ன பதில்? அந்தப் பரிசோதகர் பெண் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரச் சொன்னேன். முதல் வாரம் "எனக்கு இதெல்லாம் வராதுங்க சார்" என்றாள். இரண்டாம் வாரம் தொகுக்கக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் வாரம், நான் ஒரு அரைப்புள்ளியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு வைத்திருந்தேன். பிழைச் செய்தியைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தை மாதம் புதுத் திரை ஓட ஆரம்பித்தது. முதல் நாளே புகார். நாற்பது வருடமாகப் பால் ஊற்றும் ஒரு ஆத்தா, "என்ன அம்மிணி, எழுத்து வெளுத்துப் போச்சு? அந்த மஞ்ச எங்க? அதுல பாத்தாத்தான் எனக்குத் தெரியும்" என்றாராம். நான் நாகரிகமாக இருக்கட்டும் என்று வெள்ளையாக்கி வைத்திருந்தேன். சாயங்காலம் போய் மாற்றலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், நீங்க வரவேண்டாமுங்க. மூணாவது பைல்ல கலர் இருந்துச்சு, நானே மாத்திட்டேன். எழுத்தையும் கொஞ்சம் தடிமனாக்கிட்டேனுங்க. பரவால்லீங்களா?"